ஆட்டக்காரன் பிள்ளைக்கு ஆட்டம் எங்கே?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடியிருந்த கீரனூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு நாம் கூலி உயர்வைப் பற்றிப் பேச வரவில்லை. போனஸைப் பற்றியும் பேச வரவில்லை. ஹைஸ்கூலில் கணக்கைப் போல, சயின்ஸைப் போல, நடனத்தையும் ஒரு பாடமாக வைக்க வேண்டும் என்ற கோரிக்கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நோட்டீஸ் ஒட்டும்போதே சிலர் சிரித்தார்கள். "கட்சிக்காரனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, சலங்கை கட்ட வந்துவிட்டான்" என்று டீக்கடையில் பேச்சு. சிரிக்கட்டும். எட்டு மணி நேர வேலை கேட்டபோதும் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எட்டு மணி நேரம்தான் வேலை செய்கிறார்கள்.

விஷயத்துக்கு வருவோம். 2022-23 கல்வியாண்டில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா என்று ஒன்று தொடங்கினார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு ஆட்டம், பாட்டு, ஓவியம், நாடகம் என்று போட்டிகள். பள்ளியில் ஜெயித்தவர்கள் வட்டாரத்துக்கு, வட்டாரத்தில் ஜெயித்தவர்கள் மாவட்டத்துக்கு, அங்கிருந்து மாநிலத்துக்கு. முதலில் வருகிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். நல்ல காரியம். அரசுப் பள்ளிப் பிள்ளையும் மேடை ஏறலாம் என்று ஆயிற்று. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் மேடை ஏறுகிற பிள்ளைக்கு ஆடக் கற்றுக் கொடுத்தவர் யார்? இந்தப் பக்கத்தில் களையெடுக்கப் போகும் ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "பிள்ளை பேர் கொடுத்துட்டு வந்துட்டா அண்ணே. சொல்லிக் கொடுக்க ஆளில்லை. செல்போனைப் பார்த்துப் பார்த்து ராத்திரி வாசல்ல ஆடுனா. கடைசியில உடுப்புக்கு வாடகை, நகைக்கு வாடகை, மூஞ்சியில பூசுற சாயத்துக்குக் காசு, எல்லாம் சேர்த்து எனக்கு அந்த வாரக் கூலி போச்சு." அந்தப் பெண் வட்டாரப் போட்டியோடு திரும்பிவிட்டாள். அவளை ஜெயித்த பிள்ளை திருச்சியில் மாதச் சம்பளம் கொடுத்து நடனம் படிக்கும் பிள்ளை. ஜெயித்த பிள்ளை மேல் நமக்கு வருத்தம் இல்லை, அதுவும் பிள்ளைதானே. ஆனால் பாடம் நடத்தாமல் பரீட்சை வைப்பது எந்த ஊர் நியாயம்? கணக்கு வாத்தியாரே இல்லாத பள்ளியில் கணக்குப் போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார்கள்? டியூஷன் வைக்க வசதியுள்ளவன் ஜெயிப்பான். ஆட்டத்திலும் இதே கதைதான் நடக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. ஆட்டம் நம்மிடம் இருந்தது. நம்மிடம் இருந்து போய், விலை ஒட்டிக் கொண்டு, கடையில் திரும்பி வந்திருக்கிறது.

விராலிமலையில் நடந்தது

நமக்கு மேற்கே, பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விராலிமலை. மலை மேல் முருகன் கோயில். அந்தக் கோயிலில் சதிர் ஆடிய பெண்களில் ஒருவர் முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டவர். மொத்தம் 32 பேர் அங்கே ஊழியம் செய்தார்கள், தினமும் மலையேறிப் பாடி ஆடினார்கள் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தகப்பனார், நட்டுவனார். கோயிலுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் அவர் பெயர் வெளியில் தெரியவில்லை. 2022ஆம் ஆண்டில்தான் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். அப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. விருது வந்ததில் நமக்கும் பெருமை. ஆனால் அவரிடம் ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஒரு பள்ளிக்கூடம் வந்து, "அம்மா, வாரத்துக்கு நாலு பீரியட் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், இந்தாருங்கள் மாதச் சம்பளம்" என்று கேட்டிருந்தால்? யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

பொட்டுக் கட்டும் வழக்கம் நல்ல வழக்கமா என்றால் இல்லவே இல்லை. அதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது. ஏழு வயதுக் குழந்தையைச் சாமிக்குக் கட்டி வைப்பதாகச் சொல்லி, பிறகு அவளைப் பணக்காரனுடைய போகத்துக்கு ஆளாக்கிய ஏற்பாடு அது. பக்தி என்ற திரை முன்னால். நிலப்பிரபுவும் ஜமீன்தாரும் பின்னால். அதை எதிர்த்துச் சண்டை போட்டவரும் நம் புதுக்கோட்டைப் பெண்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தகப்பனார் மகாராஜா கல்லூரியின் தலைவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். அந்தத் தாயின் பிறப்பைக் காட்டியே மகளை மகாராஜா கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று சிலர் ஆட்சேபித்தார்கள். சேர்ந்தார், படித்தார், டாக்டரானார், சென்னை சட்டமன்றத்தின் துணைத் தலைவருமானார். 1927இல் அந்த மன்றத்தில் பொட்டுக் கட்டுவதை எதிர்த்துத் தீர்மானம் கொண்டு வந்தார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். அவரும் அந்தக் கொடுமையை உள்ளிருந்து பார்த்தவர். எதிர்த்தவர்கள் யார்? சனாதனிகள். காங்கிரஸ் மேடையில் தேசியம் பேசிய சத்தியமூர்த்தியும் எதிர்த்தார். இருபது வருஷம் இழுத்து, 1947இல்தான் சட்டம் வந்தது. மறு வருஷம் மார்ச் மாதம் நம் சமஸ்தானமும் இந்திய யூனியனில் சேர்ந்தது.

கொடுமை ஒழிந்தது. அது பெரிய வெற்றி. ஆனால் ஆடிய பெண்ணுக்கு மாற்று வேலை எங்கே? அந்தக் கேள்விக்குச் சர்க்கார் பதில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் ஆட்டம். அந்த ஆட்டத்தையே வெட்கம் என்றார்கள். மகளுக்குச் சலங்கை கட்டினால் கல்யாணம் நடக்காது என்று தாய்மார்களே சலங்கையைப் பரண் மேல் போட்டார்கள்.

அதே சமயம் சென்னையில் என்ன நடந்தது? 1930களில் அதே சதிர், பரதநாட்டியம் என்ற புதுப் பெயரோடு மியூசிக் அகாடமி மேடையில் ஏறியது. வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர் அதற்காக வாதாடினார். 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பரம்பரை நட்டுவனார். கலை அழியாமல் காப்பாற்றினார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆட்டம் காப்பாற்றப்பட்டது, ஆட்டக்காரி காப்பாற்றப்படவில்லை. நட்டுவனார்களில் சிலருக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. பாலசரசுவதியைப் போல ஒரு சிலர் தவிர, ஆடிய பெண்களின் பிள்ளைகளுக்கு மேடையில் இடம் கிடைக்கவில்லை. விராலிமலையில் வெட்கமாக இருந்தது மயிலாப்பூரில் கௌரவமாயிற்று. இன்றைக்கு ஓர் அரங்கேற்றத்துக்கு லட்சக்கணக்கில் செலவு. ஹால் வாடகை, பக்கவாத்தியம், பட்டு, பந்தி. ஒரு பஞ்சாலைத் தொழிலாளி ஆண்டு முழுக்க ராத்திரி ஷிப்ட் பார்த்தாலும் அந்தக் கணக்கு நேராகாது.

பறையும் ஒயிலும்

சதிர் ஒரு பக்கம். நம் தெருவில் இருந்த ஆட்டங்கள் இன்னொரு பக்கம். கரகம், காவடி, ஒயில், கும்மி, கோலாட்டம், தப்பாட்டம். இவற்றை எந்த அகாடமியும் காப்பாற்றவில்லை. உழைக்கிறவன் காலில்தான் இவை பிழைத்து வந்தன. நடவு நடுகிற கைக்குத் தாளம் தெரியும். ஏற்றம் இறைத்தவனுக்குத் தாளம் தெரியும். தறி ஓட்டுகிறவனுக்குத் தாளம் தெரியும். தாளம் தப்பினால் நூல் அறுந்துவிடும்! குடுமியான்மலையில் போய்ப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இசை இலக்கணத்தைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்த ராஜா வெட்டச் சொன்னான் என்று பண்டிதர்கள் சண்டை போடுகிறார்கள். உளி பிடித்தவன் யாரென்று ஒருவரும் கேட்பதில்லை.

தப்பு அடிக்கிறவனை என்ன பாடு படுத்தினார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். சாவுக்கு அடிக்க வேண்டும். கூலி கேட்கக் கூடாது. தெருவுக்குள் செருப்புப் போடக் கூடாது. அதனால் படித்த பிள்ளைகள் பறையைத் தொட மாட்டோம் என்றார்கள். அதுவும் ஒரு போராட்டம்தான். அவர்கள் செய்தது சரி. அடிமை ஊழியமாக அடிக்கச் சொன்னால் அடிக்கக் கூடாது. ஆனால் காலம் மாறிக் கொண்டிருக்கிறது. மதுரைப் பக்கம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். திண்டுக்கல் பக்கம் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறை அடித்து ஆடுகிறார்கள். ஆணே தொட வெட்கப்பட்ட தோலைப் பெண் எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்து அடிக்கிறாள்.

இந்தக் கலையை ஒரு சாதியின் கடமையாக வைத்திருப்பது நிலப்பிரபுத்துவம். அதையே பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று கற்றுக் கொள்ளும் பாடமாக வைத்தால்? அப்போது ஊர்த்தெருப் பையன் கையில் பறை இருக்கும். சேரிப் பெண் காலில் பரதச் சலங்கை இருக்கும். நாற்பது பிள்ளைகள் ஒயிலாட்டத்துக்கு வரிசை கட்டினால் பக்கத்தில் நிற்பவன் எந்தத் தெரு என்று பார்க்க முடியாது. கால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடி தப்பும். சமபந்தி போஜனத்தால் முடியாததை இது முடித்துவிடும் என்று நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆனால் உடம்பு உடம்போடு ஒரே தாளத்தில் அசைவதை விடத் தீண்டாமைக்கு ஒவ்வாத காரியம் வேறென்ன?

ஆகவே, நடனப் பாடம் என்று நாம் கேட்பது பரதநாட்டியம் மட்டுமல்ல. பரதமும் வேண்டும், அது நம்மிடமிருந்து போன சொத்து, திரும்பி வரட்டும். ஒயிலும் பறையும் கரகமும் அதே மதிப்பெண்ணோடு, அதே பாடப் புத்தகத்தில் வர வேண்டும். ஒன்று மேல், ஒன்று கீழ் என்று வைத்தால் அந்தப் பாடம் சாதியையே கற்பிக்கும்.

கடலுக்கு அக்கரையில்

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்கிறீர்கள். நடந்து கொண்டிருக்கிறது. ரொம்ப தூரத்தில் இல்லை, இலங்கையில். நம் சமஸ்தானத்துச் சனங்கள் பஞ்சம் பிழைக்கக் கண்டிச் சீமைக்குப் போனார்களே, அந்த இலங்கையில்.

அங்கே 1945 முதல் இலவசக் கல்வி. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கலைப் பாடம் படித்தாக வேண்டும். சங்கீதம், சித்திரம், நடனம், நாடகம், இவற்றில் ஒன்றை எடுத்துக் கொள்ள வேண்டும். பிறகு சாதாரண தரப் பரீட்சைக்கும் நடனத்தையே எடுத்து எழுதலாம். தமிழ்ப் பிள்ளைகள் பரதம் எடுக்கிறார்கள். சிங்களப் பிள்ளைகள் கண்டி நடனம் முதலான தங்கள் மரபு நடனத்தை எடுக்கிறார்கள். எழுத்துப் பரீட்சையும் உண்டு, ஆடிக் காட்டும் செய்முறைப் பரீட்சையும் உண்டு. நடனப் பாடத்துக்கு ஆசிரியர் என்றால் சர்க்கார் ஆசிரியர்; மற்ற ஆசிரியர்களைப் போலச் சம்பளம், பென்ஷன். யாழ்ப்பாணப் பல்கலைக் கழகமும், மட்டக்களப்பில் விபுலானந்தர் பெயரில் உள்ள நிறுவனமும் நடனத்தில் பட்டம் கொடுக்கின்றன. ஒரு மீனவர் மகள் பள்ளியில் நடனம் படித்து, பட்டம் வாங்கி, அதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்ப வழி இருக்கிறது.

இன்னொரு விஷயமும் அங்கே கவனிக்கத்தக்கது. 1960களில் பேராதனைப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக் கூத்தை எடுத்தார். புத்தகம் படித்த பண்டிதரைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்கச் சொல்லவில்லை. மட்டக்களப்புக் கிராமத்து அண்ணாவியாரைக் கூப்பிட்டார். அண்ணாவியார் என்றால் கூத்து வாத்தியார். கிராமத்து அண்ணாவியார் ஆட்டம் சொல்லிக் கொடுக்க, பட்டப் படிப்பு மாணவர்கள் பின்னால் நின்று ஆடினார்கள். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் மேடை ஏறின. இதை நாம் மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். கொஞ்சம் கழித்து இதே விஷயத்துக்குத் திரும்புவோம்.

அங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே வெகுகாலம் லயத்தோரத்து ஒற்றைக் கொட்டகைதான். அந்தத் தோட்டங்களில் காமன் கூத்தை உயிரோடு வைத்திருப்பவர்கள் தொழிலாளர்களே. பாடத் திட்டத்தில் பரதம் இருக்கிறது, தொழிலாளியின் கூத்துக்கு அதே இடம் இல்லை என்ற மனக்குறை அங்கேயும் உண்டு. ஆனாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. நமக்கு அந்த வாசலே இல்லை.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிக் கலோத்சவம் 1957 ஜனவரியில் எறணாகுளத்தில் தொடங்கியது. இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கலந்து கொள்ளும் மாபெரும் விழா. அதன் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். போட்டி மட்டும் வளர்ந்தபோது பணமும் கூடவே வளர்ந்தது. பட்டுக்கும் பயிற்சிக்கும் பெற்றோர் கடன் வாங்கினார்கள். தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டு வரை போனார்கள். கலாதிலகம், கலாபிரதிபை என்ற பட்டங்களையே பிற்பாடு நிறுத்த வேண்டி வந்தது. நல்லது என்னவென்றால், 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கலோத்சவத்தில் ஆதிவாசிகளின் ஐந்து ஆட்டங்களைப் புதிதாகச் சேர்த்தார்கள்: மங்கலங்களி, பணியர், இருளர், பளியர் ஆட்டங்கள், மலைப்புலையர் ஆட்டம். மலைக்காட்டில் மழைக்கும் கல்யாணத்துக்கும் ஆடியது மாநில மேடைக்கு வந்தது. அதே கேரளத்தில்தான் கறுப்பு நிறத்தவர் மோகினியாட்டம் ஆடலாகாது என்று ஒரு நடனக்காரர் 2024இல் பேசினார். தலித் குடும்பத்தில் பிறந்த நடனக் கலைஞர் ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணனைக் குறிவைத்த பேச்சு அது என்று நாடே கொதித்தது. அடுத்த வருஷமே அவர் கேரள கலாமண்டலத்தில் பரதநாட்டிய ஆசிரியராகப் பொறுப்பேற்றார். வாயால் சொன்ன பதிலை விட இது பெரிய பதில்.

கியூபாவின் கதை ஒன்றைச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புவோம். புரட்சிக்குப் பிறகு ஹவானாவில் பணக்காரர்கள் கோல்ப் ஆடிய கிளப் மைதானத்தில் தேசியக் கலைப் பள்ளிகளைக் கட்டினார்கள். பாலே நடனம் இலவசப் பாடமாயிற்று. கார்லோஸ் அகோஸ்டா என்ற கறுப்பினப் பையன், லாரி டிரைவரின் மகன், வீட்டில் பதினோராவது பிள்ளை. தெருவில் சுற்றித் திரிகிறானே என்று தகப்பனார் நடனப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மதியச் சாப்பாடும் கிடைக்கும் என்பது இன்னொரு காரணம்! அந்தப் பையன் 1998இல் லண்டன் ராயல் பாலேயில் சேர்ந்து உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவனானான். சத்துணவுக்காகப் பள்ளிக்கு வருகிற நம் பிள்ளைகளில் எத்தனை அகோஸ்டா இருக்கிறார்கள் என்று யார் கண்டது?

வாத்தியார் யார்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பாடம் வைப்பது சுலபம், ஒரு ஜி.ஓ. போதும். வாத்தியார் யார், அவருக்குச் சம்பளம் என்ன என்பதில்தான் சர்க்கார்களின் சாயம் வெளுக்கும்.

2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் என்று 16,549 பேரை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கம்ப்யூட்டர் என்று பாடங்கள். அந்தப் பட்டியலில் நடனம் இல்லை. சரி, எடுத்தவர்களையாவது மரியாதையாக நடத்தினார்களா? வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். மே மாதம் பள்ளி மூடியபோது அந்த மாதச் சம்பளமும் மூடிக் கொண்டது. மே மாதத்தில் வாத்தியார் வீட்டில் வயிறு மூடிக் கொள்ளுமா? பணி நிரந்தரம் கேட்டு வருஷக் கணக்கில் அவர்கள் சென்னைத் தெருக்களில் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொகை ஏறியது. கலைப் பாடம் என்றால் அரைப் பாடம், கலை வாத்தியார் என்றால் அரை ஆள். இதுதான் அந்த ஏற்பாட்டின் தத்துவம். கான்ட்ராக்ட் தொழிலாளி என்ற பெயரில் மில்லில் நம்மை என்ன செய்கிறார்களோ, அதையே பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குச் செய்தார்கள். நடன ஆசிரியரை இந்த வழியில் எடுத்தால் வேண்டாம் என்றே சொல்வோம். முழுநேர வேலை, முழுச் சம்பளம்.

ஆட்கள் இல்லாமல் இல்லை. புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்படிப் பதினேழு பள்ளிகள். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் இவற்றோடு பரதநாட்டியமும் மூன்று வருஷம் சொல்லிக் கொடுக்கிறார்கள். திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. அங்கிருந்து படித்து வெளியே வருகிறவர்கள் எங்கே போகிறார்கள்? டவுனில் மாடி வாடகைக்குப் பிடித்து டியூஷன். அல்லது பெரிய தனியார் பள்ளி. சி.பி.எஸ்.இ. பள்ளியில் பதினோராம் வகுப்பில் பரதநாட்டியத்தை ஒரு பாடமாகவே எடுக்கலாம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பணக்காரன் பிள்ளைக்கு நடனம் பாடம். ஏழை பிள்ளைக்கு நடனம் ஆண்டு விழா. இதுதான் இன்றைய நிலைமை.

பறைக்கும் கரகத்துக்கும் சர்டிபிகேட் வாங்கிய வாத்தியார் கிடைக்க மாட்டார் என்று அதிகாரிகள் சொல்வார்கள். இங்கேதான் அந்த மட்டக்களப்பு அண்ணாவியாரை ஞாபகப்படுத்திக் கொள்ள வேண்டும். பல்கலைக் கழகமே கிராமத்து ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்தபோது, ஹைஸ்கூல் ஏன் கூப்பிடக் கூடாது? நம் மாவட்டத்திலேயே கரகாட்டக் குழுக்கள் இருக்கின்றன, தப்பாட்டக் குழுக்கள் இருக்கின்றன. திருவிழா மாதங்களில் ஆட்டம். மிச்ச மாதங்களில் கட்டட வேலை. சர்க்காரே நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் வைத்து அட்டை கொடுத்திருக்கிறது. அந்த அட்டை நிவாரணம் வாங்க மட்டும்தானா? அந்த அட்டை வைத்திருப்பவரைச் சோதித்துப் பார்த்து, பயிற்சி கொடுத்து, ஆசிரியராக நியமிக்க விதியைத் திருத்துங்கள் என்கிறோம்.

வீட்டில் கேட்கும் கேள்விகள்

தாய்மார்கள் சில கேள்விகள் கேட்கிறார்கள். அவற்றைத் தட்டிக் கழிக்க முடியாது.

முதல் கேள்வி: வயிற்றுக்கே போதவில்லை, ஆட்டம் எதற்கு? கூலியையும் விடவில்லை, ரேஷனையும் விடவில்லை. அதோடு இதையும் கேட்கிறோம். முதலாளி நம்மைக் கையும் காலும் மட்டுமாகத்தான் பார்க்கிறான். எட்டு மணி நேரம் அந்தக் கை அவனுக்காக அசைகிறது. அதே கையைத் தன் சந்தோஷத்துக்காகவும் அசைக்கத் தெரிந்த மனிதனை அவன் அவ்வளவு சுலபமாகக் கருவியாக்க முடியாது. ஆனால் ஒன்று, பசியோடு பிள்ளையை ஆட வைக்கக் கூடாது. ரத்தம் குறைந்த பெண் பிள்ளைகள் நம் வீடுகளில் அதிகம். ஆட்ட வகுப்புள்ள நாளில் சாயந்திரம் ஒரு பிடி சுண்டலாவது வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேர்த்திருக்கிறோம். தரையும் முக்கியம். சிமெண்டுத் தரையில் தினமும் தட்டடவு போட்டால் முழங்கால் போய்விடும். மண் தரையோ மரப்பலகைத் தரையோ வேண்டும்.

இரண்டாவது: பெண்ணை ஆட விட்டால் ஊர் என்ன சொல்லும்? ஊர் சொல்லும். விராலிமலைப் பெண்களையும் ஊர் சொன்னது. பணக்காரர் மகள் சபாவில் ஆடினால் பத்திரிகையில் படம் போடும் அதே ஊர்தான் இது. பெண்ணின் ஆட்டத்தில் வெட்கம் இல்லை. அவளை வாங்கலாம் என்று நினைத்த பணத்தில்தான் வெட்கம் இருந்தது.

இதை ஒட்டியே வேறொரு பயம், நியாயமான பயம். சொல்லிக் கொடுக்கிறவர் கை நீட்டினால்? 2023இல் கலாக்ஷேத்திராவிலேயே பாலியல் தொந்தரவுப் புகார்களை வைத்து மாணவிகள் வகுப்பைப் புறக்கணித்துப் போராடினார்கள். பிரபலமான இடத்திலேயே இந்த நிலை. ஆகவே வகுப்பு திறந்த இடத்தில், பலர் பார்க்க நடக்க வேண்டும். பெண் ஆசிரியர் வேண்டும். புகார்க் குழுவில் தாய்மார்கள் இருக்க வேண்டும். குரு என்றால் காலில் விழு, கேள்வி கேட்காதே என்ற பழைய சட்டம் பள்ளிக்கூடத்துக்குள் வரக் கூடாது. அவர் வாத்தியார், சம்பளம் வாங்கும் ஊழியர். அவ்வளவுதான்.

பையன்களின் தகப்பனார்கள் ஒன்று கேட்கிறார்கள்: ஆம்பிளைப் பிள்ளை ஆடலாமா? ஒயிலாட்டம் ஆண்கள் ஆட்டமாகத்தானே வந்தது! கையில் துணியை வீசிக் கொண்டு உங்கள் தாத்தா ஆடியதைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

மார்க்குக் குறைந்துவிடும் என்பது கடைசிக் கேள்வி. பாடமாக வைத்தால் அதிலும் மார்க்கு உண்டு. அதோடு, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று நடையைப் பிரித்து, எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரும்படி காலால் கணக்குப் போடுகிற பிள்ளை பின்னக் கணக்கைக் கண்டு ஓடாது.

என்ன செய்வது?

பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். தலைவராக இருப்பவர் ஒரு தாய். அந்தக் கூட்டத்துக்கு நம்மவர்கள் போவதே இல்லை. கையெழுத்துக்கு நோட்டு வீட்டுக்கு வரும், போட்டு அனுப்பிவிடுகிறோம். இனிமேல் போக வேண்டும். அரைநாள் கூலி போகும் என்பது தெரியும். கூட்டத்தைச் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் வைக்கச் சொல்லிக் கேட்போம்.

தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறோம். நம் மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் முதலில் வட்டாரத்துக்கு ஒரு பள்ளியாவது எடுத்து, முழுநேர நடன ஆசிரியரை நியமிக்க வேண்டும். பரதமும் நாட்டார் ஆட்டங்களும் ஒரே மதிப்பில் வைக்கப்பட வேண்டும். உடுப்பும் சலங்கையும் பறையும் பள்ளியின் சொத்தாக இருக்க வேண்டும். பெற்றோர் தலையில் கட்டக் கூடாது. கலைத் திருவிழாவில் வாடகைப் பட்டுக்கும் நகைக்கும் மார்க்குப் போடக் கூடாது. பரம்பரைக் கலைஞர்களைச் சர்டிபிகேட் இல்லை என்று தள்ளக் கூடாது.

இந்தத் தீர்மானத்தைக் குளத்தூர், நார்த்தாமலை, உடையாளிப்பட்டி, களமாவூர் ஊராட்சிகளில் அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க வேண்டும். கீரனூர் பேரூராட்சி என்பதால் இங்கே பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவும், கவுன்சிலர்கள் வழியாகவும் கொண்டு போவோம். மில் ஷிப்டு முடிந்து வரும் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சங்க ஆபீசுக்கு வந்து நகல்களை வாங்கிக் கொள்ளுங்கள். ஆட்டம் தெரிந்த பெரியவர்கள், பழைய ஒயில் வாத்தியார்கள், தப்புக் கலைஞர்கள் யார் யார் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். சர்க்கார் "ஆள் எங்கே?" என்று கேட்கும்போது நோட்டை நீட்டுவோம்.